இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில்

ஷோரூமிலிருந்து ஜெப்சிக்கு வந்த கடிதத்தில் மொத்தம் மூன்றே வரிகள். வண்டியில் அனுமதியின்றி மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது. ஆகையால் வாரண்டி செல்லாது. சிரமத்துக்கு வருந்துகிறோம். குலசேகரத்தில் நில ஆதாரம் எழுதும் ஆபீஸில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாக நிலப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறவள் அவள். ஒரு சொல் இடம் மாறினால் ஒருத்தன் தென்னை இன்னொருத்தன் வேலிக்குள் போய்விடும் என்பதைக் கண்ணால் பார்த்தவள். அவளிடமா மூன்று வரியில் கதை முடிப்பது! 'அனுமதியின்றி மாற்றம்' என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

மாற்றம் என்று அவர்கள் சொன்னது வேறொன்றுமில்லை. ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம். ஒன்றரை வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது ஜெப்சியின் வலது காலில் இருந்த பலத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. வண்டியை நிறுத்தினால் தரையில் ஊன்ற ஒரு கால் வேண்டும் அல்லவா, அந்தக் காலின் வேலையை அந்தச் சக்கரங்கள் பார்த்தன. "சைடு வீலைக் கழத்திட்டுக் கொண்டு வாங்க மேடம், அப்புறம் பாக்கலாம்" என்று ஷோரூமிலிருந்து ஒருவர் போனில் சொன்னபோது, "எனக்க காலைக் கழத்திட்டு வரச் சொல்லுதீரா?" என்று கேட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அந்த வண்டி அவளுக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால் அவள் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெபசீலன் அவளுக்கு ஆறு வயது மூத்தவன். தாய் தகப்பன் போன பிறகு எழுபது சென்ட் ரப்பர்த் தோட்டமும், ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினும், ஷீட்டைப் புகையில் காயவைக்கும் ஒரு புகைப்புரையும், கூடவே தங்கையும் அவன் பொறுப்பில் வந்தன. நான்கையும் அவன் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டான். சிறு வயதில் தங்கையை இடுப்பில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனான், அப்புறம் சைக்கிளில், அப்புறம் பைக்கில். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கம் என்றுதான் சொல்வார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் தங்கத்தை நாற்பது வருஷம் கழுத்தில் சுமந்தவளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அவன் எதையும் கேட்டுச் செய்கிறவன் இல்லை. கோயில் படியில் அவள் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு பாதியில் இருக்கும்போதே அக்குளில் ஒரு கை வந்து நுழையும். அடுத்த நொடி அவள் மேல் படியில் நிற்பாள். விருந்து வீட்டில் அவளுக்கு எந்த நாற்காலி, எந்தப் பந்தி, எத்தனை கரண்டி சோறு என்பதெல்லாம் அவன் தீர்மானம். "அவ ஒம்பதரைக்கு வருவா" என்று ஆபீஸுக்கு அவன் போன் செய்து சொல்வான், அவள் எட்டு மணிக்கே தயாராகி நிற்கையில். அன்பு என்று அதற்குப் பேர். அன்பாக இல்லாமல் இருந்திருந்தால் ஒருநாள் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

போன வருஷம் செப்டம்பரில், நாற்பதாவது வயதில், ஜெப்சி தன் சம்பளத்தில் அந்த ஸ்கூட்டரை வாங்கினாள். நாகர்கோவில் ஷோரூம்காரர்களே வண்டியை வடசேரிச் சந்தைக்குப் பின்னால் லேத் வைத்திருக்கும் பகவதியப்பனிடம் அனுப்பிச் சைடு வீல் மாட்டி, மாற்றுத் திறனாளி வாகனம் என்று பதிவும் செய்து கொடுத்தார்கள். வண்டி கைக்கு வந்த முதல் நாள் அவள் ஆபீஸுக்குப் போகவில்லை. நேரே திற்பரப்புக்குப் போனாள். அருவிக்கரையில் ஒரு டீ குடித்தாள். யாரும் எப்போது கிளம்பலாம் என்று கேட்கவில்லை, யாரும் மணி பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை.

எட்டு மாசம் அப்படிப் போயிற்று. மே மாசக் கடைசியில், ஆபீஸ் விட்டு வரும்போது, இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் திடீரென்று வலதுபுறமாகச் சாய்ந்தது. ஒரு முறிகிற சத்தம். அவள் ரோட்டோரச் சரளில் கிடந்தாள். முழங்கையும் தாடையும் உரிந்ததோடு தப்பியது கர்த்தரின் கிருபை. பின்சக்கரத்தின் அச்சு முறிந்து, கியர்பெட்டியின் மூடியும் பிளந்திருந்தது. ஷோரூம் லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போயிற்று. அதோடு அந்த மூன்று வரிக் கடிதம்.

அடுத்த நாளிலிருந்து மறுபடியும் அண்ணனின் பைக். மறுபடியும் அக்குளில் கை.

"விட்டுரு மக்கா" என்றான் ஜெபசீலன் வாரம் ஒரு தடவை. "கம்பெனிக்காரனுவகூட மல்லுக்கட்ட நம்மளால முடியுமா? நான் கொண்டு விடுதேன்லா."

அவள் விடவில்லை. எழுதின ஆறு கடிதமும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. ஏழாவதைச் சென்னையில் கம்பெனியின் தலைமை ஆபீஸுக்கு எழுதி, நகல் நுகர்வோர் ஆணையத்துக்கு என்று அடியில் ஒரு வரி போட்டாள். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், நகர்ந்தது. வண்டியை நேரில் பார்க்க இன்ஜினியர் வருகிறார், ஜூலை பதினைந்து செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு வரவும் என்று பதில் வந்தது.

அன்று அண்ணனும் தங்கையும் பஸ் பிடித்தார்கள். குலசேகரத்தில் பஸ் படியில் அவள் ஊன்றுகோலை மேலே வைக்கும் முன்பே ஜெபசீலன் அவளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான். வடசேரி வரையில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் அதைக் கவனிக்கவில்லை, மடியில் இருந்த காகிதங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

ஷோரூமுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், ஒரு பலகைமேல் வண்டி ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. பகவதியப்பன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன்னமே வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். ஜெப்சி போனில் கூப்பிட்டதும் லேத்தைச் சாத்திவிட்டு வந்த மனிதர். சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் நரைத்த தலையும் மெதுவான பேச்சுமாக இருந்தார். சர்வீஸ் மேனேஜர் விபின் மட்டும் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இதுல பேச ஒண்ணுமே இல்ல" என்று விபின் தொடங்கினான். "வெளியில யார்கிட்டயோ மாடிஃபை பண்ணியிருக்காங்க. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு ஜெப்சி பதில் சொல்லிப் பழகியவள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இன்ஜினியரிடம் நீட்டினாள். வண்டியைக் கையில் வாங்கின அன்று, 'சைடு வீல் பொருத்தப்பட்ட நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்று ரசீதில் ஒரு வரி எழுதச் சொல்லி அடம்பிடித்தவள் அவள். வரிக்குக் கீழே விபினின் கையெழுத்து இருந்தது.

"மாத்தினது நான் இல்ல சார். மாத்தித்தான் எனக்குத் தந்தாங்க. அனுமதி இல்லாமன்னு எழுதியிருக்கு. யாருக்க அனுமதி இல்லாம?"

இன்ஜினியர் தாளை இரண்டு தடவை வாசித்தார். பதிவுப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். பிறகு விபினைப் பார்த்த பார்வையில் அவன் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

"அம்மா சொல்றது நியாயம். டெலிவரி கொடுத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இன்னிக்கும் இருந்தா, இது எங்க பொறுப்பு. இன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டுப் போறேன். ஃபிட்டிங்கை மட்டும் ஒரு தடவை கழட்டிப் பார்த்துடலாம்."

ஜெப்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏழு கடிதம், ஏழு வாரம். அடுத்த மாசம் தன் வண்டியில் தானே ஏறி ஆபீஸ் போய்விடலாம்.

"கழத்தணுமா சாரே?" என்று பின்னாலிருந்து ஜெபசீலன் கேட்டான். "வெளியில இருந்து பாத்தாலே தெரியுமே."

ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. பகவதியப்பனே ஸ்பேனரை எடுத்தார். சைடு வீலை வண்டியோடு பிடித்திருந்த இடதுபக்கக் கிளாம்பு சுத்தமாகக் கழன்று வந்தது, உள்ளே இரும்பு பளிச்சென்று இருந்தது. வலதுபக்கம் சைலன்சரை ஒட்டியிருந்தது. அங்கே போல்ட் கையாலேயே சுழன்றது. கிளாம்பை விலக்கினார். உள்ளே கறுப்பாக, பசையாக, சூட்டில் இளகி வழிந்து உறைந்த ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் இன்ஜினியர்.

பகவதியப்பன் முகம் செத்துவிட்டது. "சார், இது நான் வச்சது இல்ல. முப்பது வருசமா இந்த வேல பாக்குதேன். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில நான் ஒண்ணும் வைக்க மாட்டேன். வச்சா பிடி நிக்காது, பாத்துக்கிடுங்க."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று விபினுக்கு உயிர் வந்தது. "ஃபிட்டரோட தப்பு சார். இனிமே இவர்கிட்ட ஒரு வண்டியும் அனுப்ப மாட்டோம். இவர் மாட்டின அத்தனை வண்டிக்கும் வாரண்டி கிடையாதுன்னு போட்டுரலாம்."

இன்ஜினியர் அந்தப் பசையை ஒரு குச்சியால் கிள்ளி எடுத்துப் பார்த்தார். தார் மாதிரி இருக்கிறது, ஏதோ பிசின் மாதிரியும் இருக்கிறது என்றார். சென்னைக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஜெப்சி அதைக் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். புகை வாசம். பிறந்த நாளிலிருந்து அவள் துணியிலும் தலைமுடியிலும் இருக்கிற புகைப்புரையின் வாசம். கிளாம்பின் ஓரத்தில், இரும்பு நெரித்ததால் இளகாமல் தப்பிய விரல் அகலத் துண்டு ஒன்று இருந்தது. அதில் ரப்பர் ஷீட்டில் மெஷின் உருளை பதிக்கும் கட்டக்கோடுகள் தெரிந்தன. ஒரு கோடு மட்டும் நடுவில் அறுந்து அறுந்து ஓடியது. அவர்கள் வீட்டு மெஷினின் உருளையில் ஒரு பல் உடைந்து எத்தனையோ வருஷமாகிறது. அந்த மெஷினில் அடித்த ஷீட் உலகத்தின் எந்த மூலையில் கிடந்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

குலசேகரத்துக்காரனுக்கு எந்த ஆட்டத்துக்கும் ரப்பர்தான் மருந்து. கட்டில் கால் ஆடினால் ஒரு துண்டு ஷீட், பம்பு அதிர்ந்தால் இரண்டு துண்டு, கதவு அடித்தால் மடித்து ஒன்று. கடையில் பதப்படுத்தி விற்கிற ரப்பர் வேறு, புகையில் காய்ந்த பச்சை ரப்பர் வேறு. சூடும் எண்ணெயும் பட்டால் பச்சை ரப்பர் இளகும், அதன்மேல் இறுக்கின போல்ட்டும் தளரும். அது ஜெபசீலனுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் நம்முடைய மரத்தின் பால், நம்முடைய கையில் அடித்த ஷீட், அது நம்மைக் கெடுக்காது என்று ஒரு நம்பிக்கை. மற்ற ஊர்க்காரனுக்கு இந்தப் பிழையைச் செய்யவே தெரியாது.

அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அண்ணன் வண்டியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு, முதல் நாளிலிருந்தே அவள் இடுப்பை நோகவைத்த வண்டியின் உதறல் குறைந்திருந்தது. ரோட்டைச் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு ஓடிவந்து, "அண்ணா, ரோடு நல்லாயிட்டு, இப்பம் இடுப்பே வலிக்கல்ல" என்று அவனிடமே சொன்னாள். அவன் சிரித்தான்.

திரும்பிப் பார்த்தாள். ஜெபசீலன் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அங்கே இருந்தவர்களில் அவளையும் அண்ணனையும் தவிர வேறு யாருக்கும் அந்த அறுந்த கோடு தெரியாது. ஃபிட்டரின் பிழை, ஃபிட்டரை அனுப்பியது ஷோரூம், ஆகவே கம்பெனி பொறுப்பு என்று ஒரு வரி எழுதி இன்ஜினியர் போயிருப்பார். வண்டி கிடைத்திருக்கும். பகவதியப்பன் பிழைப்பு போயிருக்கும், அவரிடம் சக்கரம் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை அவள் அன்றுதான் உடம்பால் அறிந்தாள்.

"சார், அது எங்க வீட்டு ரப்பர்" என்றாள். "இவரு மேல பழி இல்ல. வண்டியைத் தந்த பிறகு வச்சது. எனக்க வண்டி. நான் பொறுப்பு."

"நீங்களா வச்சீங்க?"

அவள் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இல்ல சாரே!" ஜெபசீலன் தூணை விட்டுவிட்டு முன்னால் வந்தான். குரல் உடைந்திருந்தது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் வச்சேன். வண்டி உதறுது, அவளுக்க இடுப்பு நோவுதுன்னு ராத்திரி எண்ணெய் தேய்ப்பா, அதைப் பாத்து நான் வச்சேன். அதாலதான் ஒடிஞ்சுதுன்னு நான் நினைக்கல்ல. நினைக்காண்டாம்னு இருந்தேன்."

பகவதியப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்ஜினியர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"அம்மா, இப்போ என்னால ஒண்ணும் செய்ய முடியாது. டெலிவரிக்கு அப்புறம் மாத்தியிருக்கு. வாரண்டி வராது."

"தெரியும் சார். ஒரு காரியம் மட்டும் செய்யணும். சைடு வீல் மாட்டினதால வாரண்டி இல்லன்னு எழுதாதீங்க. அது பொய். வலதுபக்கக் கிளாம்பில பிறகு வச்ச ரப்பராலன்னு எழுதுங்க. சக்கரத்துக்கும் ஃபிட்டருக்கும் பிழை இல்லன்னும் எழுதுங்க. நாளைக்கு எனக்க மாதிரி ஒருத்தி இங்க வந்து நிப்பா. அவகிட்ட இந்த மூணு வரியை இவங்க நீட்டக்கூடாது."

விபின் என்னவோ சொல்ல வந்தான். இன்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதியதை அவள் ஆபீஸில் பத்திரம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, ஓர் இடத்தில் 'இருக்கலாம்' என்றிருந்ததை 'ஆகும்' என்று திருத்தச் சொன்னாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள். வாழ்க்கையில் எத்தனையோ பேர் தோற்றுப்போன பத்திரத்தைத் தட்டச்சு செய்தவள், தான் தோற்றதைத் தானே பிழை திருத்தினாள்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருவரும் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அச்சும் மூடியும் வந்து வேலை முடிய ஒன்றரை மாசம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். சந்தை இரைச்சலில் ஜெபசீலன் அழுதது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது.

"நீ விழுந்து செத்திருந்தா..." என்றான். "நானே எனக்க கையால..."

"சாகல்ல. அதை விடு."

"உனக்கு வலிக்குமேன்னுதான் மக்கா வச்சேன்."

"வலிச்சுதுதான். எனக்க இடுப்புதானே. கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"அதுக்குத்தான் கேக்கணும். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் இருக்குதா இல்லியா?" அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் நாற்பது வருஷத்துக் கோபம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. "அந்த ஷோரூம்காரன் எழுதினானே, அனுமதி இல்லாம மாற்றம்னு. அதுக்கு நான் ஏழு கடிதாசு எழுதி மறுத்தேன். கடைசில அது சரிதான். கம்பெனிக்க அனுமதி இல்லாம இல்ல, எனக்க அனுமதி இல்லாம. ரோடு நல்லாயிட்டுன்னு உங்கிட்ட வந்து சொன்னேனே அண்ணா. அப்பமாவது சொல்லியிருக்கலாம்."

ஜெபசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ அவ்வளவு சந்தோசமா சொன்ன" என்றான். "சொல்ல மனசு வரல்ல."

அதற்குமேல் அவளால் அவனைத் திட்ட முடியவில்லை. அவன் தோள்மேல் கையை வைத்தாள்.

குலசேகரம் பஸ் வந்தது. ஜெப்சி ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நடந்தாள். படி உயரம். பழக்க தோஷம், ஜெபசீலனின் கை அவள் அக்குளை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அந்தரத்தில் நின்ற கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அவளைப் பார்த்தான்.

"பிடிக்கட்டா?"

அவன் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் படியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் என்னவோ இளகிற்று.

"பையைப் பிடி. போதும்."

பையை அவனிடம் கொடுத்துவிட்டு, கம்பியை இரண்டு கையாலும் பற்றினாள். முதல் தடவை கால் வழுக்கிற்று. இரண்டாம் தடவை பாதி ஏறி இறங்கினாள். கண்டக்டர் பொறுமை இழந்து விசிலை வாயில் வைத்தான். ஜெபசீலன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே நின்றபடியே அவனைப் பார்த்துச் சொன்னான்:

"செத்த நேரம் நில்லும் ஓய். அவ ஏறிக்கிடுவா."